கோழிக் கொட்டகைக்கு ரிமோட்

5.1.2014, ஞாயிறு இரவு

கோழிக் கொட்டகையின் கேஸ் ஹீட்டருக்கு இன்று ரிமோட் மாட்டினார்கள். குளிர் கூடினால் அதுவே எரியும், சூடு போதுமென்றால் அணையும். புதுக் குஞ்சு வந்தால் ஒரு வாரம் கொட்டகையிலேயே படுக்கிற என் வீட்டுக்காரர், முதல் தடவையாக வீட்டில் படுத்தார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு புரண்டுகொண்டே இருந்தார்.

"ரிமோட்டுல முப்பத்திரண்டு டிகிரி காட்டுதே, அப்புறம் என்னங்க?" என்றேன்.

"நம்பர் சரிதான். குஞ்சுங்க எப்படிப் படுத்துக்கினு இருக்குதோ."

குளிரெடுத்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"நல்லா பரவிப் படுத்துக்கினு இருக்குதுங்க" என்றேன். உடனே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், மெஷினை நம்பாத மனுஷன்.

இப்போது எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.