கரட்டூர் ரோடு ஸ்டேஷன் குடியிருப்புக்கு மாற்றிடம் வேண்டி

அனுப்புநர்:
ஆ. செங்கோடன், மூட்டை ஏற்றும் மேஸ்திரி,
மற்றும் குடியிருப்போர்,
கரட்டூர் ரோடு ஸ்டேஷன், சேலம் ஜில்லா.

பெறுநர்:
ரயில்வே டிஸ்டிரிக்ட் இன்ஜினீயர் துரை அவர்கள்.

விஷயம்: கூட்ஸ் ஷெட்டை அடுத்த குடிசைகளைக் காலி செய்யும் உத்தரவு பற்றி.

கனம் பொருந்திய ஐயா,

1. எங்கள் பாட்டன்மார் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்து, இந்த ஸ்டேஷன் மேடைக்கு மண் சுமந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். பிறகு பருத்தி மூட்டை தூக்குகிறவர்கள், வெண்ணந்தூர் ஜவுளிக்கட்டு கொண்டுவரும் வண்டிக்காரர்கள், டீக்கடை என்று ஓர் ஊரே சேர்ந்துவிட்டது. ஊருக்குத் தனிப்பெயர் கிடையாது, ஸ்டேஷன் பெயர்தான்.

2. சென்ற பங்குனியில் குடிசைத் தீ ஷெட்டுக்குப் பரவியதால், ஆவணிக்குள் காலி செய்ய உத்தரவாகியுள்ளது. தீ எங்கள் கூரையில் பிடித்ததை மறுக்கவில்லை. அன்று நடந்த மீதியும் தங்கள் பார்வைக்கு வரவேண்டும்.

3. ஷெட்டையொட்டி மண்ணெண்ணெய் டின்கள் ஏற்றிய சரக்கு வாகன் நின்றது. இழுக்க இன்ஜின் இல்லை. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். டீக்கடை மதீனா பீவி மட்டும் வாகனில் கைவைத்து, "ஓடறவங்க திரும்பி வாங்க சாமி! இது வெடிச்சா ஸ்டேஷனே இருக்காதுங்க, தள்ளுங்க!" என்று கூவினார். போர்ட்டர் அங்கமுத்து பிரேக்கைத் தளர்த்தினார். திரும்பி வந்த ஆண்களும் பெண்களும் தோள் கொடுக்க, வாகன் அசைந்து, நகர்ந்து, சிக்னலைத் தாண்டிப் போய் நின்றது. ஷெட் பாதிக்குமேல் தப்பியது. எங்கள் குடிசைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை; இப்போது இருப்பவை அதே இடத்தில் மறுபடி வேய்ந்துகொண்டவை. மதீனா பீவிக்கு வலக்கை வெந்து, விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடக்கையால் டீ ஆற்றுகிறார்.

4. ஷெட்டருகே கூரைக் குடிசை கூடாதென்பது நியாயமே. ஆகவே இருக்கும் இடத்தையே கேட்கவில்லை. லைனுக்கு மேற்கே முள்ளடர்ந்து கிடக்கும் ரயில்வே நிலத்தைத் தந்தால், நாங்களே வெட்டித் திருத்தி, ஓட்டு வீடுகளாகக் கட்டிக்கொள்கிறோம். ஸ்டேஷன் மாஸ்டர் அதன் ஓரமாக நடந்து பார்த்து, சிபாரிசு செய்வதாகச் சொன்னார். ராசிபுரத்துச் சூளைக்காரரும் ஓடு தரச் சம்மதித்துவிட்டார்.

5. முதல் ஓட்டுக்கூரை மதீனா பீவிக்கே என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டோம். அவரோ, "மொதல்ல நெலங் கெடைக்கட்டுங்க, அப்பறம் பாக்கலாம்" என்று சிரிக்கிறார்.

ஐப்பசி மழைக்கு முன் கூரை போட ஏதுவாக, ஆவணிக் கெடுவுக்குள் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து அந்த நிலத்தைப் பார்த்து, எங்களுக்கு அளந்துவிடும்படி உத்தரவளிக்க வேண்டுகிறோம். தாங்கள் வரும் நாளைச் சொல்லியனுப்பினால் முள்ளை வெட்டி நடக்க வழி செய்து வைக்கிறோம்.

இடம்: கரட்டூர் ரோடு
தேதி: 4-8-1938

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஆ. செங்கோடன்
மதீனா பீவி (கைரேகை)
மற்றும் குடியிருப்போர்