குக்கரில் வெந்த காபி கேக்

காபி வாசனை வந்தால் எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்க்கிற என் வசந்தாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இன்றைக்கு நம் வீட்டில் கேக் செய்தேன். நான்தான், உன் புருஷனேதான். காபி போட்ட கப் கேக், மேலே கிரீமோடு, மொத்தம் பன்னிரண்டு. கயல் சாப்பிட்டாள். மூன்று வருடம் கழித்து நம் பெண் தன் பிறந்தநாளில் கேக் சாப்பிட்டாள், வசந்தா!

சிரிக்காதே. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவள் நீ. இப்போது சோறு, குழம்பு, ரசம் எல்லாம் எனக்கு வருகிறது. எருமைக்குப் புண்ணாக்கு கலக்குகிற கைக்கு மைதா கலக்க வராதா?

கயல் பிறந்தநாள் என்ன நாளாக ஆகிப்போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திதி எப்படியோ முன்னே பின்னே வந்துவிடுகிறது. ஆனால் தேதி நகருமா? அன்றைக்கு நீ கேக் வாங்க வாலாஜாபாத் போனாய். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உன் மடியிலிருந்த கேக் பெட்டியை யாரோ ஒரு புண்ணியவான் வீடுவரைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கேக் வேண்டாம் என்பதோடு கயல் பேச்சை முடித்துக்கொள்வாள். நானும் ஏன் என்று கேட்டதில்லை. அம்மா போன நாளில் எந்தப் பிள்ளைக்குத் தொண்டையில் இறங்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு. காலேஜுக்குப் போகிறாள், உன்னைப் போலவே வாயாடுகிறாள். ஓட்டுப் போடுகிற வயது வந்தும் அந்த நாளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் கிடப்பாளா? இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

போனில் ஓர் அம்மாள் செய்துகாட்டினாள். அவளிடம் ஓவன் இருக்கிறது, நம்மிடம் உன் குக்கர் இருக்கிறது. விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைக் கொட்டிச் சூடேற்றினேன். மைதா, சர்க்கரை, தயிர், எண்ணெய், சோடா. டிகாஷனை மட்டும் நீ இறக்குகிற மாதிரியே கருகருவென்று இறக்கினேன். குட்டிக் கிண்ணங்களில் காகிதம் போட்டு, ஈட்டுக்கு நான்கு. முதல் ஈடு ஏரி வண்டல் காய்ந்த மாதிரி வெடித்துப்போனது. இரண்டாவது ஈடு மூடியைத் திறந்தேன் பார், நான்கும் கும்மென்று எழும்பி நிற்கின்றன! உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

கிரீமில்தான் மாட்டிக்கொண்டேன். கடையில் விற்பது எதற்கு, நம் எருமைப் பால் இருக்கிறதே என்று நான்கு நாளாக ஏடு எடுத்து ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்திருந்தேன். அந்த அம்மாள் கெட்டியாக நிற்கும்வரை அடி, அதோடு நிறுத்து என்றாள். மத்தைக் கையில் பிடித்தால் எனக்கு நிறுத்த வருமா? சின்ன வயதிலிருந்து இந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், வெண்ணெய் திரளும்வரை கடைவது. கிரீம் நின்றது, நான் நிற்கவில்லை. கீழே பார்த்தால் மோர் தனி, வெண்ணெய் தனி. மத்தைத் தூக்கி மூலையில் எறிந்தேன். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து குப்பு அக்கா வந்தாள். ஆம்பிளைக்கு எதற்கடா இதெல்லாம் என்று ஆரம்பிப்பாள் என்றுதான் நினைத்தேன். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "வெண்ண நல்லாத்தான கீது. இத்தப் போயி கொட்டுவியா? சக்கரையப் போட்டுக் கொழைடா" என்றாள். அவளே வெண்ணெயை மூன்று தண்ணீரில் அலசினாள். நான் சர்க்கரையை மிக்ஸியில் மாவாக்கிக் கொடுத்தேன். ஒரு கரண்டி டிகாஷனை விட்டுக் குழைத்ததும் பிஸ்கட் நிறத்தில் என்ன அழகாக வந்தது தெரியுமா! எண்ணெய்க் கவரை நன்றாகக் கழுவி, மூலையை வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் பிழிந்தேன். ஒன்றிரண்டு பல்லி உட்கார்ந்த மாதிரி இருந்தன. மற்றவை தேவலாம்.

சாயங்காலம் கயல் வந்தாள். தட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான் காபி கேக் கேட்டதாலதான நைனா அம்மா போச்சு? இத்த எப்புடித் துன்றது?"

வசந்தா, மூன்று வருடம். ஒரே வீட்டில் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று எனக்குத் தெரியவில்லையே. நானெல்லாம் என்ன தகப்பன்?

அதனால் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடாதே என்று நீ சத்தியம் வாங்கிக்கொண்டதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் பத்தாவது பாஸாக வேண்டும் என்று திருப்புட்குழிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, ரிசல்ட் வரும்வரை நீ காபியை விட்டதைச் சொன்னேன். நாக்கு நமநமக்க, கேக் படங்களைக் காட்டிக் காட்டி அவள் வாயாலேயே காபி கேக் என்று கேட்க வைத்ததைச் சொன்னேன். கிளம்பும்போது என் காதில் நீ சொன்னதை அப்படியே சொன்னேன்: "காபியக் குடிக்க மாட்டேன்னுதான் வேண்டிக்கினேன். துன்ன மாட்டேன்னா சொன்னேன்?"

நான் இதை வெளியே விடாததற்கும் காரணம் இருந்தது. வேண்டுதலை மீறினாள், சாமி எடுத்துக்கொண்டது என்று அக்கா ஊர்முழுக்கப் பேசிவிடுவாளோ என்கிற பயம். செத்த பிறகு உன் பெயரில் ஒரு சொல் விழக்கூடாது என்று நினைத்தேன். தப்பா அது?

கயல் "அம்மா கேடி" என்றாள். சிரித்தாள். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தாள், கிரீம் மூக்கில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் எடுத்தாள். டிகாஷன் போதாது என்று குறை வேறு சொன்னாள். அந்தக் குறையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அப்புறம் நான் தடுப்பதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடி, அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன். அக்கா கேக்கை மென்று விழுங்கினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. பஸ்ஸு ஏறும்போதே உங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. உங்க நைனா மனசு ஒடஞ்சிடுமேன்னு நான்தான் வாயத் தொறக்கல."

உன் பெயரை அவளிடமிருந்து நான் காப்பாற்றினேன். என்னிடமிருந்து அவள் காப்பாற்றினாள். தெரிந்திருக்க வேண்டிய பிள்ளைக்கு மட்டும் நாங்கள் இருவருமே சொல்லவில்லை, வசந்தா.

இனிமேல் உன்னைப் பற்றி அவளிடம் எதையும் மறைக்க மாட்டேன். உன் பொய், உன் பிடிவாதம், வேண்டுதலில் நீ தேடுகிற ஓட்டை, எல்லாம் அவளுக்குச் சொல்வேன். நல்லவளாக மட்டும் உன்னை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? முழு அம்மாவை அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். இது சத்தியம், இதையாவது மீறாமல் இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
கயலோட நைனா