மாதா படத்துக்குப் பின்னால்

அன்பு மகன் நசாரியோவுக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் கை கால் முழுசாக இருக்கிறோம், அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிப் பதறாமல் படி. நீயும் அந்தச் சிகாகோ குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நாலாவது மாடித் தையல் கூடத்தில், சின்னப் பெண்கள் கோயிலில் போடும் புதுநன்மைக் கவுனுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன், நூல்கண்டு தானாக உருண்டது. எனக்குத்தான் பிரஷர் ஏறிவிட்டது என்று கண்ணை மூடினேன். பக்கத்து மெஷின் சபேலா, "அத்தை, எனக்கும் தலை சுத்துதே, காலைல தின்ன தமாலே சேரலையோ" என்றாள். முதலாளியம்மா எர்னெஸ்தினா, "சங்கு ஊதலையேடி, ஊதாம நிலம் எப்படி ஆடும், தையலைப் பாருங்க" என்றாள், நாங்களும் குனிந்து தைத்தோம். இந்த மெக்சிகோ நகரத்தில் வருஷா வருஷம் நிலநடுக்க ஒத்திகை பார்த்துப் பார்த்து, தெருக் கம்பத்து அபாயச் சங்கை நம்புகிற அளவுக்கு யாரும் சொந்தக் காலை நம்புவதில்லை. அன்றைக்கு நடுக்கம் ஊருக்கு அடியிலேயே பிறந்ததாம், சங்கை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி பொடிந்த பிறகுதான் ஓடினோம். படியெல்லாம் காரை கொட்டுகிறது, எனக்கு ஜெபம்கூட முழுசாக வரவில்லை, "அருள் நிறைந்த மரியே" என்பதோடு நின்று நின்று திரும்ப அதுவே வந்தது. தெருவில் வந்து நின்ற பிறகுதான் சங்கு ஊதியது. சபேலா கம்பத்தைப் பார்த்து, "வாடி மகராசி, பந்தி முடிஞ்சப்புறம் வர்றியே" என்றாள், அழுதுகொண்டே எல்லாரும் சிரித்தோம். எதிர்க் கடைக்காரர் பயம் தெளிய ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தார், பாதியை உன் அப்பாவுக்கு எடுத்து வைத்தேன்.

என் கவலை இதற்கு அப்புறம்தான். பையை எடுக்க மேலே போனேன். நான் தினமும் தொட்டு முத்தி செய்துவிட்டு உட்காருவேனே, சுவரிலிருக்கும் குவாதலூப்பே மாதா படம், அது கோணலாகத் தொங்கியது. நேராக்கலாம் என்று தூக்கினால் பின்னால் சுவர் பிளந்து கிடக்கிறது, என் உள்ளங்கை உள்ளே போகிறது. புதுப் பிளவு என்றால்கூட மனசு ஆறும். உள்ளே ஒட்டடை, யாரோ முன்பே சிமெண்டு அப்பின தடம். மாதாவை நாங்கள் யாரும் நகர்த்தமாட்டோம் என்று தெரிந்துதான் முதலாளியம்மா அங்கே மாட்டியிருக்கிறாள். கேட்டதற்கு, "போன பெரிய நடுக்கத்தையே தாங்கின கட்டடம், ஒப்டூலியா. திங்கக்கிழமை வரலைன்னா உன் மெஷினுக்கு ஆள் இருக்கு" என்றாள். உன் அப்பா "போகாத" என்கிறார், சொன்ன கையோடு மாத்திரை டப்பாவைத் திறந்து எத்தனை மிச்சம் என்று பார்க்கிறார். சபேலா மூணு பிள்ளைக்காரி, "ஏறாம எப்படி அத்தை, அடுப்பு எரியணுமே" என்கிறாள். ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பிளவுக்குள் என் கை இருக்கிறது.

மாதாவை என் சால்வையில் சுற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டேன், இப்போது நம் சமையலறையில் இருக்கிறாள். இது திருட்டா என்று பங்குச்சாமியிடம் கேட்டேன், அவர் மெழுகுவர்த்தி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை நான் போவேன், ஆனால் ஏறமாட்டேன். மாடிப்படி முதல் படியில் மாதாவை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப்போகிறேன். நகராட்சி இன்ஜினீயர் வந்து சுவரைப் பார்க்கிறவரைக்கும் அவளைத் தாண்டி மேலே போக யாருக்குக் கால் வருகிறது என்று பார்ப்போம். வேலை போனால் போகட்டும் என்று எழுதிவிட்டேன்.

அன்றைக்கு எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லு. செருப்பைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துத் தூங்கு, அந்த ஊர் ஆடாது என்று சிரிக்காதே. மாதாவின் நிழல் உன் தலைமேல் இருக்கட்டும் ராசா.

படியில் உட்காரப்போகும் உன் அம்மா,
ஒப்டூலியா