லாம்ப்ரோஸ் ஓட்டிய பேருந்து

நாஃப்பிளியோ
செவ்வாய், 8 மே 1984

அன்புள்ள அர்கிரோ,

காலையில் உன் கேன்டீனில் குடித்த காபிதான் கடைசி. அதற்கப்புறம் கிடைத்ததெல்லாம் வெந்நீர். உன் வீட்டுக்காரர் லாம்ப்ரோஸ் நலம், நானும் நலம்.

இந்த முறை நான் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டி வந்திருப்பவர்கள் வோலோஸ் ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முப்பத்தொரு பேர். நான் ஒரு வருஷம் சொன்னால் அதைத் திருத்த ஐந்து கை எழுகிறது. அதிலும் பொலிக்ஸேனி டீச்சர் என்று ஒருவர், எழுபத்திரண்டு வயது. கோட்டைக்கு ஏறும் படிகள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றேன். நம்பாமல் எண்ணிக்கொண்டே ஏறினார். மேலே போனதும், "எவ்வளவு வந்துச்சு டீச்சர்?" என்று கேட்டேன். "பாதியில விட்டுப்போச்சு. உன் டிரைவர் எள்ளுமிட்டாய் குடுத்து எண்ணிக்கையைக் கெடுத்துட்டான்" என்கிறார். அவருடைய பையையும் லாம்ப்ரோஸ்தான் தூக்கி வந்தார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். கொரிந்து தாண்டி வரும்போது வண்டி மெதுவாக இடது பக்கம், எதிர் வண்டிகள் வரும் பக்கம், நகர்ந்தது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். "லாம்ப்ரோஸ்!" என்று கத்தினேன். ஒரு நொடி கழித்துத்தான் வளைத்தார். கேட்டதற்கு, "வெயில் கண்ணுல அடிச்சுதும்மா" என்றார். அர்கிரோ, சூரியன் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

அவர் சரியாகத் தூங்குகிறாரா? உனக்குத் தெரிந்தது ஏதாவது இருந்தால் எழுது. உன் கேன்டீன் போனில் பேசினால் பஸ் நிலையத்து ஓட்டுநர்கள் அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். அதனால்தான் ஏதென்ஸ் வரும் லைன் பஸ்ஸில் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் எவாந்தியா

*

ஏதென்ஸ்
புதன், 9 மே

என் எவாந்தியாவுக்கு,

உன் கடிதம் மதியம் வந்தது. கல்லாவில் நின்றபடியே படித்தேன். ஒருத்தர் இரண்டு காபி கேட்டார், நான் நான்கு ஊற்றினேன்.

தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எங்கள் கல்யாணத்தில் சாட்சியாக நின்று எங்கள் தலையில் மலர்முடி மாற்றி வைத்தவள் நீ. உன்னிடம் பொய் சொல்லிவிட்டு எந்தக் கோயிலில் போய் நிற்பேன்?

நோன்புக் காலத்தில் ஒரு நாள், சமையலறையில் கையில் கோப்பையோடு நின்றார். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. வாயில் எதுவும் இல்லாமல் மென்றுகொண்டிருந்தார். "என்னங்க, என்னங்க" என்று உலுக்கினேன். கொஞ்ச நேரத்தில், "என்ன, உப்பு போதலையா?" என்று கேட்டார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஈஸ்டருக்குப் பிறகு இன்னொரு தடவை.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "போனா எழுதிருவான். எழுதினா லைசென்ஸ் போயிரும். அப்புறம் நான் யாரு?" என்றார். இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரிந்தது அந்த ஸ்டீயரிங் ஒன்றுதானே.

பேச்சுக் கொடுத்தால் வராது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ முன் சீட்டிலேயே உட்கார். பேசிக்கொண்டே இரு. ஞாயிற்றுக்கிழமை வரைதானே? கம்பெனி ஆபீசில் மட்டும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

அர்கிரோ

*

திமித்சானா
வெள்ளி, 11 மே, விடிகாலை

அர்கிரோ,

நேற்று திரிப்போலி நிலையத்தில் உன் கடிதத்தை வாங்கினேன். அப்போதிருந்து பேசினேன். என் அக்கா வீட்டுச் சண்டை, தக்காளி விலை, என் முழங்கால் வலி, எல்லாம். பின்னால் இருந்து ஒருவர், "அம்மா, அந்தக் கதையை மைக்குல சொன்னா நாங்களும் கேப்போமே" என்று கிண்டல் செய்தார்.

பேசினால் வராது என்றாய். வந்தது.

ஸ்தெம்னித்சாவில், இரண்டு பக்கமும் கல்வீடுகள் நெருங்கி நிற்கும் மேட்டுத் தெரு. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வாய் அசைபோட ஆரம்பித்தது. இடது கை பேன்ட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. கால் தளர்ந்து, வண்டி திணறி அணைந்து, பின்னோக்கி நழுவத் தொடங்கியது. நான் பாய்ந்து கை பிரேக்கை இழுத்தேன். எண்ணினேன், அர்கிரோ. ஒன்பது வரை எண்ணினேன். அதற்கப்புறம்தான் திரும்பி என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்தச் சொன்னே?" என்றார்.

நான் நிறுத்தச் சொல்லவே இல்லை.

ஆசிரியர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக மரப் பால்கனிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல இடம் பாத்து நிறுத்தினே தம்பி!" என்று பொலிக்ஸேனி டீச்சர் கை தட்டினார். நான் சிரித்தேன்.

இன்று ஸ்பார்ட்டா வரை ஓரளவு நல்ல ரோடு. கை பிரேக் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவேன். ஆனால் நாளை கலமாத்தா போக தாய்கெட்டோஸ் மலையைத் தாண்ட வேண்டும். அந்தப் பாதை உனக்கே தெரியும். ஒரு பக்கம் தலைமேல் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே ஒன்பது எண்ண எனக்கு நேரம் கிடைக்காது.

ஓட்டக் கூடாது என்று நாளை காலை அவரிடம் சொல்லப்போகிறேன். கேட்காவிட்டால் ஆபீசுக்கும் சொல்வேன். என்னை மன்னித்துக்கொள்.

எவாந்தியா

*

ஏதென்ஸ்
வெள்ளி மதியம்

எவாந்தியா,

சொல்லு. போய்ச் சொல்லு. உனக்கு என்ன? புருஷன் இல்லை, அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைப் பார்க்கிற தலையெழுத்தும் இல்லை.

நான் உன்னிடம் சொன்னது தோழியிடம் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் வைத்தால், மலர்முடி மாற்றினவள் என்று இனி என் வாசலில் வந்து நிற்காதே.

ஒன்பது வரை எண்ணினேன் என்று ஏன் எழுதினாய்? அதை ஏன் எனக்கு எழுதினாய்?

அ.

*

கலமாத்தா
சனி, 12 மே, மாலை

அர்கிரோ,

முதலில் இதைப் படி: எல்லாரும் பத்திரம். லாம்ப்ரோஸ் பத்திரம். பக்கத்து அறையில் இருக்கிறார்.

உன் கடிதம் நேற்று மாலை ஸ்பார்ட்டாவில் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று காலை வண்டி முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நீங்க ஓட்டக் கூடாது" என்றேன்.

"காலையிலேயே ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தார்.

"ஸ்தெம்னித்சா மேட்டுல கை பிரேக் போட்டது யாரு?"

"நான்தான்."

"இல்ல. நான்."

துணியைக் கீழே வைத்தார். "அர்கிரோ சொன்னாளா?" என்று கேட்டார். "யாரு சொன்னா என்ன, மலையில நான் நூறு தடவை ஏறி இறங்கினவன். தள்ளு" என்று படியில் காலை வைத்தார். நான் கதவை மறித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி தள்ளுமுள்ளு. அதற்குள் ஆசிரியர்கள் பெட்டிகளோடு வந்துவிட்டார்கள். வண்டியில் கோளாறு என்று உளறினேன்.

பொலிக்ஸேனி டீச்சர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "கோளாறு வண்டிக்கா, தம்பிக்கா?" என்றார். "தம்பி வெறும் வாயை மென்னதை நானும் பாத்தேன். என் வீட்டுக்காரருக்கும் இந்த வலிப்பு இருந்துச்சு. மாத்திரை போட்டு முப்பது வருஷம் நல்லா இருந்தாரு. சாவியைக் குடு, ராசா" என்று கையை நீட்டினார்.

லாம்ப்ரோஸ் சாவியை டீச்சரிடம்தான் கொடுத்தார். என்னிடம் இல்லை.

ஸ்பார்ட்டாவிலிருந்து வேறு ஒரு ஓட்டுநர் வந்தார். ஆபீசில், அவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். லாம்ப்ரோஸ் என் பக்கத்துச் சீட்டில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மலை உச்சி தாண்டி, பாறையைக் குடைந்து போட்ட வளைவுகள் வரும் இடம். அங்கே அவருடைய வாய் அசைபோடத் தொடங்கியது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஒரு வளைவு போயிற்று, இன்னொரு வளைவு, மூன்றாவது. கீழே ஆறு ஒரு நூல் மாதிரி தெரிந்தது. அவர் கண் திறந்தே இருந்தது.

திடீரென்று இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றைப் பிடித்தார். "ஸ்டீயரிங் எங்கே? வண்டிய யாரு ஓட்டுறா?" என்று அலறினார். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வேற ஆள் ஓட்டுறாரு, நீங்க சும்மா இருங்க" என்றேன். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். எத்தனை வளைவு போயிற்று என்று கேட்டார். மூன்று என்றேன். அப்புறம் கலமாத்தா வரும்வரை என் கையை விடவில்லை. என் விரல் இன்னும் வலிக்கிறது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன் என்று அவரே சொன்னார். நாளை காலை லைன் பஸ்ஸில் வருகிறார், ஆசிரியர் ஒருவர் துணைக்கு வருகிறார்.

வியாழக்கிழமையே செய்திருக்க வேண்டியதை நான் சனிக்கிழமை செய்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க முப்பத்தொரு பேரை அந்த வண்டியில் உட்கார வைத்தேன். அந்தப் பயம் இப்போதுதான் பிடித்து ஆட்டுகிறது. திட்டுவதானால் அதற்குத் திட்டு. ஆனால் எழுது.

எவாந்தியா

*

ஏதென்ஸ்
ஞாயிறு, 3 ஜூன்

எவாந்தியா,

மூன்று கடிதம் போட்டாய். இது ஒன்றுதான் பதில்.

தலையில் கம்பி ஒட்டிச் சோதித்துப் பார்த்தார்கள், வலிப்புதான் என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது என் கேன்டீனில் கோப்பை கழுவுகிறார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. நான் நினைத்தது நடக்கவில்லை.

நீ செய்தது சரி. அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

நீங்கள் கிளம்பிய செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவர் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், கதவைத் திறக்கவில்லை. "அர்கிரோ, இந்தத் தடவை நான் போகலைன்னு சொல்லிரட்டுமா? பயமா இருக்கு" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. நான் அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். "அஞ்சாறு நாள்தானே, போயிட்டு வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டேன். அப்புறம் உனக்கு அந்தக் கேன்டீன் காபியைப் போட்டுக் கொடுத்தேன், உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் இதை டாக்டரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டார். என்னிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பரவாயில்லை என்று தினமும் காத்திருக்கிறேன்.

உன்னைப் பார்த்தால் அந்த மலைப்பாதைதான் என் கண்ணில் தெரியும். உன் மேல் கோபம் இல்லை. ஆனால் உன் முன்னால் வந்து நிற்க என்னால் முடியாது.

நேற்று அவர், "எவாந்தியா ஏன் இந்தப் பக்கமே வரலை?" என்று கேட்டார். பயணிகளோடு வடக்கே போயிருக்கிறாய், வர நாளாகும் என்று சொல்லிவிட்டேன்.

அர்கிரோ