சொன்னவர் பெயர்

லுப்லியானா,
3 செப்டம்பர் 1974

அன்புள்ள யெர்னெய் அண்ணனுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அகராதி அலுவலகத்தில் இந்த மாதம் எனக்கு வந்து சேர்ந்த சொல் ‘டிரெக்’. சிரிக்காதே. சாணி, சேறு, அசிங்கம் எல்லாவற்றுக்கும் நாம் சொல்வோமே, அது ஜெர்மன்காரர்களுடையது. நம்மிடமும் குரோவாசியர்களிடமும் ஒட்டிக்கொண்டது. யூதர்களின் பேச்சோடு கப்பலேறி அமெரிக்காவரை போய்விட்டது. இப்படி எப்படிப் பரவியது என்றுதான் தேடுகிறோம். இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். இந்தச் சொல்லை யார், எங்கே, யாரைப் பார்த்துச் சொல்லிக் கேட்டாயோ அதை அப்படியே எழுது. கற்பனை கூடாது.

திராட்சை அறுப்புக்கு ஊரையே கூப்பிடுகிறாய். என் கல்யாணத்துக்குப் பிறகு, பதினாறு வருஷமாக என்னை மட்டும் கூப்பிடுவதில்லை. அப்படி என்ன கோபம்?

உன் தங்கை,
அல்பினா


ஹலோசே,
12 செப்டம்பர்

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அட்டையை நிரப்பிவிட்டேன்.

இடம்: லுப்லியானா, கல்யாண விருந்து நடந்த வாசல், 1958. சொன்னவர்: மணப்பெண் அல்பினா. “யாரும்மா அது?” என்று மாமியார் கேட்க, “எங்க மாட்டுக்கொட்டகை ஆளு அத்தை. வெறும் டிரெக். கண்டுக்காதீங்க.”

பால் கறந்த கையோடு முதல் ரயிலைப் பிடித்து வந்தேன். பூட்ஸில் சாணி இருந்தது உண்மைதான். ஒயின் பீப்பாயைச் சமையற்காரியிடம் கொடுத்து, அடுப்படியிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய். கேட்டது, அல்பினா. இன்னும் வலிக்கிறது.

எப்படிப் பரவியது என்று கேட்டாயே. கோட்டையிலிருந்த ஜெர்மன் துரை நம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிட்டானாம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைச் சொல்வான். கீழே இருந்தவன் மேலே ஏறியதும் இன்னொருவனைச் சொல்வான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

யெர்னெய்


லுப்லியானா,
20 செப்டம்பர்

அண்ணா,

அட்டை நான்கு நாள் என் மேசையில் கிடந்தது. கிழித்திருந்தால் யாருக்கும் தெரியாது. வந்த அட்டையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். நேற்று, அகராதிப் பெட்டியில் போடும் முன், அலுவலகத்தில் எல்லோரும் கேட்க வாசித்தேன்.

“யாருங்க இந்த அல்பினா?” என்றார் தலைவர்.

“நான்தாங்க.”

“அப்ப அந்தக் கொட்டகை ஆளு?”

“என் அண்ணன்.”

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவரிடம் சொல்ல முடியாது. அறுப்புக்குக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுது.

அல்பினா


ஹலோசே,
28 செப்டம்பர்

அல்பினா,

அறுப்பு அக்டோபர் ஐந்து, சனிக்கிழமை. மழை விடவில்லை, பாதையெல்லாம் டிரெக். பழைய பூட்ஸ் போட்டு வா.

உனக்கும் ஒரு கூடை எடுத்து வைத்தேன். “அது யாருக்கு?” என்று பக்கத்து வீட்டு லோய்ஸே கேட்டான்.

“என் தங்கச்சிக்குடா” என்றேன்.

உன் அண்ணன்,
யெர்னெய்