குளத்தின் வடக்குக் கரை

செப்டம்பர் 3

நீங்கள் வரைந்ததைப் பார்த்துத் திருந்திய ஒரே ஒரு மனிதரைச் சொல்ல முடியுமா? பேட்டி எடுக்க வந்த கல்லூரிப் பெண் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெற்குக் கல்கத்தா முழுக்கச் சுவர்களில் சுற்றுச்சூழல் ஓவியம் தீட்டும் அமைப்பை நடத்துபவள் நான். “நல்ல கேள்வி” என்று சமாளித்தேன்.

செப்டம்பர் 10

பேட்டை கிளப்பின் துர்கா பூஜைப் பந்தல் இந்த வருடம் எங்கள் கையில். பக்கத்துக் குளத்தின் சுவரில் நாங்கள் வரைந்ததை நின்று பார்ப்பவர்கள் சில பேர். பந்தலுக்கு லட்சக்கணக்கில் வருவார்கள். செத்துக்கொண்டிருக்கும் அந்தக் குளத்தைத்தான் காட்டப்போகிறோம். உள்ளே நுழைகிறவர் குளத்தின் அடியில் நிற்பதுபோல் இருக்க வேண்டும். தலைக்கு மேல் நீலப் புடவைகள், கிழிந்த வலைகள். சேற்றின் நடுவே தேவி.

கிளப் செயலாளர் கோகன்பாபு குஷியாக இருக்கிறார். இங்கே எல்லோரையும் போல என்னை ‘திதி’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். “ஜனங்க அழணும் திதி. அழுதுகிட்டே செல்ஃபி எடுக்கணும்.”

செப்டம்பர் 27

கூட்டம் வெளியேறத் தனி வழி இல்லாமல் அனுமதி கிடையாதாம். இருப்பது ஒரே இடம், குளத்தின் வடக்குக் கரை. படித்துறை மேல் கட்டட இடிபாட்டைக் கொட்டினால் பாதை கிடைக்கும்.

குளத்தைக் காப்பாற்றச் சொல்வதற்குக் குளத்தையே தூர்ப்பதா?

“தூர்க்கிறதுன்னு ஏன் பெரிய வார்த்தை? பூஜை முடிஞ்சதும் அள்ளிடுவோம். என்னை நம்பலையா?” என்றார் கோகன்பாபு.

நம்பவில்லை. சரி என்றேன்.

அக்டோபர் 22

மகா அஷ்டமி. நெரிசல். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தபடி, “இத்தனை நாள் நமக்கு உறைக்கவே இல்லையேம்மா” என்றார். பிறகு இடிபாட்டின் மேல் நடந்து, குளத்தைத் திரும்பிப் பாராமல் வெளியேறினார். எல்லோரும் அப்படித்தான்.

அக்டோபர் 30

பந்தலுக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் மைக் என் கையில் இருந்தது. படித்துறையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நன்றி மட்டும் சொன்னேன். அடுத்த வருடத்துக்கு இன்னும் இரண்டு கிளப்புகள் கேட்கின்றன. வளர்கிறோம்.

நவம்பர் 9

“காளி பூஜை முடியட்டும் திதி” என்கிறார் கோகன்பாபு. இடிபாட்டின் மேல் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன.

நவம்பர் 14

தெருமுனையில் இஸ்திரி போடும் சுநைனா வழிமறித்தாள். பீகார்க்காரி. சட் பூஜைக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் படித்துறையில் இறங்கி, தண்ணீரில் நின்றுதான் சூரியனுக்குப் படைப்பார்கள்.

“ஞாயித்துக்கிழமை நாங்க எங்க நிக்கறது திதி? உங்க செங்கல்லு மேலயா?”

எடுத்துவிடுவார்கள் என்றேன்.

“குளத்துச் சுவத்துல வரைஞ்சீங்களே, பூவைத் தண்ணியில எறியற கை, அரக்கு வளையல் போட்டு... அது என் கைதானே? செத்த மீனுக்குக்கூட மூஞ்சி வரைஞ்சீங்க. எனக்கு வரையல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நவம்பர் 18

கோகன்பாபு ஃபோனை எடுக்கவில்லை. ‘நாளைக் காலை மண்வெட்டியோடு வாருங்கள்’ என்று எங்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். இதயங்களும் கைகூப்பும் பொம்மைகளும் வந்தன. வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

நானாவது போவேனா?

நவம்பர் 19

போனேன். சுநைனாவின் ஆட்கள் விடியும் முன்பே ஆரம்பித்திருந்தார்கள். விரதத்தில் இருந்த அவள் கரையில் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா? கூடை அங்க கிடக்கு” என்றாள்.

அள்ளியதை எங்கள் ஓவியச் சுவரோரம் குவித்தார்கள். வளையல் கை மறைந்துபோயிற்று. வேண்டுமென்றேவா, வேறு இடம் இல்லாமலா? கேட்கவில்லை. நானும் அங்கேயே கொட்டினேன்.

மாலையில் பெண்கள் படியிறங்கித் தண்ணீரில் நின்றார்கள். கூடையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 20

காலைப் படையல் முடிந்ததும் குளம் முழுக்கச் சாமந்தி, வாழைத்தண்டு, எண்ணெய்த் திட்டு.

கோகன்பாபுவே கூப்பிட்டார். “சுவரோரம் கிடக்கறது அசிங்கமா இருக்கு. மறுபடி படித்துறையிலயே தள்ளிடறோம். அடுத்த வருஷமும் பாதை வேணுமே.”

அப்படியானால் பந்தல் எங்களுடையதாக இருக்காது என்றேன்.

“வேற ஆள் பார்த்துக்கறோம். கோவிச்சுக்காதீங்க திதி.”

நாலு மணிக்குப் போனபோது தள்ளியிருந்தார்கள். பூக்கள் இடிபாட்டுக்கு அடியில். புடவையைச் செருகிக்கொண்டு கூடையோடு இறங்கினேன். கிளப் வாசலிலிருந்து ஒருவன் கத்தினான்: “இதுதான் அடுத்த வருஷப் பந்தலா திதி?” பலத்த சிரிப்பு.

இருட்டும் வரை அள்ளினேன். ஒரு படி தெரிந்தது.