வாத்தியாருக்கு விழுந்த ஓட்டும் உன் பெரியத்தாவின் கோபமும்

பழவேற்காடு
20-3-1957

அன்பு மகன் ஷஃபியுல்லாவுக்கு உன் அம்மா ஜெய்னம்பு ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை மெஹர்னிசாவும் சுகமாயிருக்கிறோம், பினாங்கில் நீயும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். பராஅத் ராத்திரியன்று ரொட்டி சுட்டு உன் பேரைச் சொல்லி நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். மெஹர்னிசாவுக்குக் கண்வலி வந்து இப்போது தேவலை. ஏரியில் இறால் நிறைய விழுகிறது, உனக்குப் பிடித்தமாதிரி வறுத்து வைத்துவிட்டு எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெரியத்தா மனசு கோணாமல் நடந்துகொள்ளுங்கள், எலெக்ஷன் சமாசாரத்தில் தலையிடாதீர்கள், அவருடைய பினாங்குக் கடையில்தானே எனக்குப் பிழைப்பு என்று எழுதியிருந்தாய். அது வந்து சேர்வதற்குள் நான் தலையிட்டாகிவிட்டது மகனே. முன்னமே வந்திருந்தாலும் தலையிட்டுத்தான் இருப்பேன். ஊரிலிருந்து யாராவது கண்ணும் மூக்கும் வைத்து உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

நம் தொகுதி எம்.எல்.ஏ. வீரராகவன் வாத்தியாரை உனக்குத் தெரியும், நீ கப்பலேறிய வருஷம் நம் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டாரே, அவர்தான். ஹைட்ரஜன் குண்டை எந்த தேசமும் வெடித்துப் பார்க்கக் கூடாது, இருப்பதையும் அழித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்த காகிதம். பிறகு அதையே சட்டசபையிலும் எழுந்து பேசினார், சிரித்தார்களாம், சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசினாராம். இந்தத் தடவை அவரை எதிர்த்து பொன்னேரி ரைஸ் மில்லுக்காரர் நின்றார். உன் அத்தா கூடப் பிறந்த பெரியத்தா மில்லுக்காரருக்கு வலது கை. தெருத் தெருவாக அவர்கள் சொன்னது ஒரே பேச்சுதான்: "ஏரிக்கு பாலம் கேக்க அனுப்புனா இந்த ஆளு அமெரிக்காக்காரன் பாமை நிறுத்தறேன்னு குந்திக்கினுகீறான்." பாலம் வேண்டாமென்று யார் சொன்னது? வாத்தியார் நாலு தடவை கேட்டு மனுக் கொடுத்த நகலை நானே படித்தேன். மழைக்காலத்தில் படகேறிப் பிரசவத்துக்குப் போகிற பெண்களை வைத்திருக்கிற ஊர், பாலத்தின் அருமை எங்களுக்குத் தெரியாதா.

மார்க்கெட் தெருவில் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வாத்தியார் கூட்டம். பெண்களுக்குத் திரை கட்டியிருந்தார்கள், நானும் மெஹர்னிசாவும் துப்பட்டி போர்த்திக்கொண்டு போனோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜப்பான் மீன்காரர்கள் நடுக்கடலில் வலை போட்டிருக்கையில் எங்கோ வெடித்த குண்டின் சாம்பல் மழைபோல் படகில் கொட்டி, மேலெல்லாம் வெந்து, ஒருவர் செத்தும் போனாரே, அதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நமக்கு மீன் கொண்டுவரும் முனுசாமி எழுந்து, "மீன் புடிக்க போனவன் யாருக்கு இன்னா பண்ணான் சார்?" என்று கேட்டான். உடனே மில்லுக்காரர் ஆள் ஒருவன் பின்னாலிருந்து, "ஜப்பான்ல குண்டு வுழுந்தா உனுக்கு இன்னா பேஜாரு? இந்த ஊர்ல எவன் தலையிலயாச்சும் வுழுந்துச்சா?" என்று கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, திரையை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். "வுழுந்துச்சு. என் ஊட்டுல வுழுந்துச்சு" என்றேன்.

மகனே, இதை உன்னிடம் சொல்லாமலே என் காலம் போய்விடும் என்றிருந்தேன். உன் அக்கா சாலிஹா ரங்கூனில் காய்ச்சலில் போனாள் என்று உன் அத்தாவும் நானும் உனக்குச் சொல்லி வைத்தது பொய். அன்று உனக்கு நாலு வயது, அவளுக்கு எட்டு. ரங்கூன் மொகல் தெருவில் நம் கடைக்கு மேலே குடியிருந்தோம். டிசம்பர் மாசம், காலை பத்து மணி, நல்ல வெயில். வானத்தில் ஜப்பான் விமானங்கள் வெள்ளி மீன்கள்மாதிரி வந்தன, யாருக்கும் ஓடத் தெரியவில்லை, தெருவில் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். அவளும் ஓடினாள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து கூப்பிட்டேன், அவள் நிமிர்ந்து, "இரும்மா, எண்ணிக்கினுகீறேன், இருபத்தி மூணு ஆச்சு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசினது. அவள் பாவாடையைப் பார்த்துத்தான் உன் அத்தாவுக்கு அடையாளம் தெரிந்தது. அதன் பிறகு சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதை அன்று மார்க்கெட் தெருவில் அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் சொன்னேன். அது சின்ன குண்டு, இப்போது செய்கிற ஒன்று ரங்கூன் மாதிரி எத்தனை ஊரைத் தின்னுமோ, அதை வேண்டாமென்று சொல்ல ஒரு மனுஷன் இருக்கிறார், அவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்றும் சொன்னேன். கத்தினவன் தலையைக் குனிந்துகொண்டான். மெஹர்னிசா என் கையை விடவே இல்லை, அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு முன்னாலேயே பெரியத்தா வந்துவிட்டார். உட்காரவில்லை. "துப்பட்டி போட்ட பொம்பள மைக்கு முன்னாடி நிக்கிறதா? உன் புள்ள யார் கடையில சோறு துன்றான்னு மறந்துபூட்டியா ஜெய்னம்பு?" என்றார். நான் மைக்கில் பேசவில்லை, திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினேன், அதை முதலில் சொன்னேன். பிறகு, "மறக்கல. அவன் உழைச்சு துன்றான். என் ஓட்டை நீங்க கடையில வாங்கலியே" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை நியாயமாகவும் சொல்ல வேண்டும், சாலிஹா பேரைச் சொன்னதும் அவர் கண் கலங்கிற்று, அவளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தானே. ஆனாலும், "செத்தவள ஏம்மா எலெக்ஷனுக்கு இழுக்கிற?" என்றார். உயிரோடிருப்பவர்களுக்காக இழுத்தேன் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டன்று நம் தெருப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர் என்னோடு நடந்து வந்தார்கள். போன எலெக்ஷனில் ஆறு பேர்தான் போனோம். எலெக்ஷனில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி வைத்து அதன்மேல் சின்னம் ஒட்டியிருந்தார்கள், வாத்தியாருக்கு சைக்கிள். பள்ளிக்கூட வாசலில் பெரியத்தா நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை. பொன்னேரியில் எண்ணி முடித்து வாத்தியார் நூற்றெண்பத்தேழு ஓட்டில் ஜெயித்தார் என்று முனுசாமி சாயங்காலம் ஓடிவந்து சொன்னான், அவனுக்கு ஒரு தம்ளர் டீ கொடுத்து உட்கார வைத்தோம். வாத்தியார் பஸ்ஸில் வந்து நன்றி சொன்னார். நன்றி இருக்கட்டும், பாலத்தையும் கேளுங்கள், குண்டையும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது உன் விஷயம். பெரியத்தா பினாங்குக்கு எழுதப்போவதாக ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னைக் கடையை விட்டு அனுப்பலாம், அல்லது அம்மா செய்தது தப்பு என்று எழுதிக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம். அனுப்பினால் மரியாதையாக ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வா, வேறு கடை கிடைக்கும், கிடைக்காவிட்டால் ஊருக்கு வா, ஏரி இருக்கிறது, கை இருக்கிறது. நீ இருக்கும் மலாயாவிலும் காட்டுக்குள் சண்டை ஓயவில்லை என்கிறார்கள், அந்தப் பக்கம் வசூலுக்கு அனுப்பினால் போகாதே. நோன்பு வருகிறது, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்காதே. பெரியத்தாவைப் பற்றி யாரிடமும் குறைவாகப் பேசாதே, அவர் உன் அத்தாவின் அண்ணன். ஆனால் என் பேரில் மன்னிப்பு என்று ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதே. எழுதினால் அதில் உன் கையெழுத்துத்தான் இருக்கும், என் சம்மதம் இருக்காது. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்து நீண்ட ஆயுளும் நேரான நெஞ்சும் தரட்டும்.

உன் அம்மா,
ஜெய்னம்பு

மெஹர்னிசா ஸலாம் சொல்லச் சொன்னாள். இன்னும் ஏழு வருஷத்தில் தனக்கும் ஓட்டு வருமாம், அதையும் உனக்கு எழுதச் சொன்னாள்.